கிருத்திகைக் கட்டம்

பிச்சாட்டூர் ஏரியைத் தாண்டி ஜீப் மலைப்பாதையில் திரும்பியபோது மணி ஐந்தரை. தை மாதத்து வெயில் சாய்ந்துவிட்டது. கரும்புத் தோட்டங்களின்மேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்சவேணி மடியில் கிடந்த லேப்டாப் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். இந்தப் பாதையில் அவள் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

வரவே கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் திருப்பதி ஆபீசில் ஆய்வுக்கூட டைரக்டர் சந்திரசேகர் கூப்பிட்டு, "ஒரே ஒரு கட்டம்தாம்மா பாக்கி. அந்தக் கேமராவை உன் அளவுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை. இன்னைக்கு எடுத்துக் கொடுத்துடு, வெள்ளிக்கிழமை முழு வானப் படம் ரிலீஸ்" என்றார். அவரிடம் மாட்டேன் என்று சொல்லும் தைரியம் அவளுக்கு எந்த நாளிலும் இருந்ததில்லை. கோபம் வரவேண்டிய இடத்தில் வராமல் போவதுதான் அவளுடைய வியாதி. இந்தக் கதை நடந்ததே அதனால்தான்.

மலையுச்சியில் இருந்த ஆய்வுக்கூடம் ஐந்து வருஷமாக ஒரே வேலையைச் செய்துகொண்டிருந்தது. வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒன்று விடாமல் அகச்சிவப்பு ஒளியில் படம் பிடிப்பது. நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி அது. நட்சத்திரங்களை மறைக்கும் தூசியையெல்லாம் கடந்து வந்துவிடும். இங்கிருந்து தெரியாத தென்கோடி வானத்தை வேறொரு நாட்டு மலையிலிருந்து எடுத்து முடித்திருந்தார்கள். மிச்சம் இருந்தது கார்த்திகை நட்சத்திரங்கள் இருக்கும் கட்டம் மட்டும். கிருத்திகைக் கட்டம் என்றுதான் அங்கே எல்லோரும் சொல்வார்கள். போன வருஷம் அதை எடுத்துக்கொண்டிருந்த இரவில்தான் ஒரு ஆள் செத்துப்போனார். அத்தோடு அது நின்றுவிட்டது.

அடிவாரத்து கேட்டில் டிரைவர் பச்சையப்பன் பிரேக் போட்டார். வண்டிக்கு முன்னால் ஒரு பெண் நகராமல் நின்றிருந்தாள். செங்கம்மா. செத்துப்போன கங்கையாவின் மனைவி.

"வுடு செங்கம்மா, வண்டி மேல போவணும்" என்றார் பச்சையப்பன். குரலில் அவசரம் ஏதும் இல்லை.

செங்கம்மா சுற்றிவந்து அம்சவேணியின் பக்கம் நின்றாள். "நாளிக்கி பதினோரு மணிக்கி திருப்பதியில விசாரண. தெரியுமில்ல?"

"தெரியும்."

"நீ எழுதிக் குடுத்த காகிதத்த எனக்குப் படிச்சிக் காட்டினாங்க. அலாரம் நல்லா வேலை செஞ்சிகினு இருந்துச்சி, அந்த ஆளு குடிச்சிட்டு வந்து வுழுந்துட்டாருன்னு எழுதிக்கீது. நீ பாத்தியா மா? அவரு குடிச்சத உங் கண்ணால பாத்தியா?"

அம்சவேணி பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கழுத்துல மாலை கெடக்குது. கிருத்திகைக்கி திருத்தணி ஏறணும்னு செருப்புகூட போடாம சுத்திகினு இருந்த மனுஷன். வூட்ல கருவாடு வறுக்க வுடல. அவரா குடிப்பாரு? எம் பொண்ண இஸ்கோல்ல 'உங்க நைனா குடிச்சிட்டுதான செத்தாரு'ன்னு கேக்கறாங்க. சோறு துன்னாம வந்து படுத்துக்கறா." செங்கம்மா கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பெரிய சாருக்கு மாலைன்னா இன்னான்னு தெரியாம இருக்கலாம். நீ நகரிக்காரி. உங்க வூட்லயும் போடுவாங்க. உனக்குத் தெரியும்."

தெரியும். நகரியில் அவளுடைய அப்பா வருஷா வருஷம் கிருத்திகைக்கு மாலை போடுகிறவர். மாலை போட்டவர் வீட்டுப் பக்கம் சாராய வாடைகூட வராது. தெரிந்தும்தான் கையெழுத்துப் போட்டாள்.

செங்கம்மா தானாகவே ஒதுங்கி வழிவிட்டாள். இரண்டாவது வளைவில் பச்சையப்பன் கியரை மாற்றினார். அப்புறம், "அவ கேக்கறதுல இன்னா மேடம் தப்பு?" என்றார்.

மேலே ஆபரேட்டர் சுரேஷ்பாபு பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தான். நாயுடுபேட்டைக்காரன், வாய் மூடாதவன். இன்று நான்கு வாக்கியம்தான் பேசினான். "ஆறு வாரமா எடுக்கறேன் மேடம். கிருத்திகைக் கட்டத்துல மட்டும் நடுவுல கறுப்பா ஒண்ணு நிக்குது. கண்ணாடிய மூணு தபா தொடச்சேன், தூசி இல்ல. நான் இன்னைக்கு கீழ போறேன், தப்பா எடுத்துக்காதீங்க." அதே ஜீப்பில் ஏறிப் போய்விட்டான். பச்சையப்பனும் கேட்டில் இருப்பதாகச் சொன்னாரே தவிர மேலே தங்கவில்லை.

கட்டிடத்தில் அம்சவேணி மட்டும் இருந்தாள்.

இருட்டுதான் அந்த இடத்தின் மதம். எந்த மெஷினிலும் ஒரு பொட்டு விளக்கு மினுக்கக்கூடாது. கறுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். எல்லாவற்றையும் ஒட்டியவர் கங்கையா. ஒவ்வொரு டேப்பிலும் ஒரு மூலையை உள்பக்கமாக மடித்துவிடுவார், வேண்டும்போது உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. கம்ப்யூட்டரில், யூ.பி.எஸ்ஸில், சுவிட்ச் போர்டில் அந்த மடித்த மூலைகள் இன்னும் அப்படியே இருந்தன. அவள் ஒவ்வொன்றையும் பார்த்தபடி கன்ட்ரோல் ரூமுக்குப் போய் உட்கார்ந்தாள்.

அகச்சிவப்பில் சூடான எல்லாமே கொஞ்சம் ஒளிரும். சுவர் ஒளிரும், பாறை ஒளிரும், மனுஷ உடம்பு ஒளிரும். கேமராவே சூடாக இருந்தால் தன் சூட்டிலேயே குருடாகிவிடும். அதனால் தினமும் இரண்டு வேளை அதற்குள் திரவ நைட்ரஜன் ஊற்றி, உறையும் குளிரில் வைத்திருக்கவேண்டும். கங்கையாவுக்கு அந்த வேலை. நைட்ரஜன் கசிந்தால் கேமரா அறையில் சுவாசிக்கக் காற்று இருக்காது. நிறம் கிடையாது, வாடை கிடையாது, மூச்சு முட்டாது. நின்ற இடத்தில் ஆள் சரிந்துவிடுவான். காற்று குறைந்தால் அலறவேண்டும் என்றுதான் அறைச் சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி வைத்திருந்தார்கள்.

போன வருஷம் அந்த இரவில் அந்தப் பெட்டியின் விளக்கு படத்தில் கசிந்தது. அதன்மேல் டேப் ஒட்டமாட்டேன் என்று கங்கையா சொல்லிவிட்டார். ஒட்டியவள் அம்சவேணி. மூலை மடிக்காமல், கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். அப்புறமும் பெட்டி பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தன்னையே சோதித்துக்கொள்ளும்போது படத்தில் ஒரு கோடு விழுந்தது. டைரக்டர் போனில், "வயரை எடுத்துடு. ஒரு ராத்திரிதானே, பர்வாலேது, ஒண்ணும் ஆகாது" என்றார். எடுத்தாள்.

நைட்ரஜன் கேனைத் தள்ளிக்கொண்டு கங்கையா கதவருகே வந்து நின்றார். "மேடம், பொட்டி வேலை செய்யலியே. உள்ள போட்டுமா?"

"போங்கண்ணா. நான் பாத்துக்கறேன்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது திரையை. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் அவர் திரும்பி வரவில்லை என்பதே உறைத்தது. நூறு கோடி நட்சத்திரத்தைப் பிடிக்கிற கூட்டத்துக்குப் பதினைந்து அடி தள்ளி ஒரு ஆள் விழுந்து கிடந்தது தெரியவில்லை.

மறுநாளே டைரக்டர் ரிப்போர்ட்டை முடித்துவிட்டார். காலனியிலிருந்து வேலைக்கு வந்தவன் குடித்திருந்தான் என்று எழுதினால் யார் திருப்பிக் கேட்கப்போகிறார்கள் என்ற தைரியம் அவருக்கு. பிரேதப் பரிசோதனையில் சாராயம் இல்லை என்று வந்தது. இரண்டு காகிதத்தையும் சேர்த்து வைத்து யாரும் படிக்கவில்லை. செங்கம்மாதான் ஆபீஸ் ஆபீஸாக நடந்து படிக்கவைத்தாள். நாளை விசாரணை அதற்குத்தான். அம்சவேணி அங்கே பழைய கதையையே சொன்னால் கங்கையா காலத்துக்கும் குடிகாரன்தான்.

ஏழரை மணிக்குக் கிருத்திகை உச்சிக்கு வந்தது. அமாவாசை வானம், துளி மேகம் இல்லை. ஒரு கட்டத்துக்கு ஆறு படம், ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம். அவள் முதல் படத்துக்கு உத்தரவு கொடுத்தாள்.

திரையில் கார்த்திகை நட்சத்திரங்கள் வந்தன. கீழ் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு.

இரண்டாவது படத்தில் திட்டு உயர்ந்திருந்தது.

அந்த ஒளியில் எதுவும் முழுக்கக் கறுப்பாக இருக்காது. வெறும் வானமே மங்கலாக ஒளிரும். இத்தனை கறுப்பாகத் தெரியவேண்டுமென்றால் அது நைட்ரஜனின் குளிரில் இருக்கவேண்டும்.

மூன்றாவது படத்தில் தோள் இருந்தது. தலை இருந்தது.

நான்காவதில், கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாகச் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள். நட்சத்திரப் பட்டியலில் தேடினாள். அந்த இடத்தில் அப்படி எந்த நட்சத்திரமும் கிடையாது. விரலைத் திரையில் வைத்து எண்ணினாள். நடுவில் தவறி மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

நூற்றெட்டு.

மூக்கில் விபூதி வாசனை அடித்தது. தண்ணீரில் குழைத்துப் பூசிய ஈர விபூதி. அவளுடைய அப்பாவின்மேல் தை மாதம் முழுக்க அடிக்கும் வாசனை.

எழுந்து நடைபாதைக்கு வந்தாள். கேமரா அறைக் கதவு திறந்திருந்தது. டார்ச்சைத் தரையில் அடித்தாள். சிமென்ட் தரையெங்கும் மெல்லிசாக உறைபனி படிந்திருந்தது. மலையில் குளிர்தான், ஆனால் தரை உறையும் குளிர் அந்தச் சீமையில் என்றைக்கும் கிடையாது.

பனியில் காலடிகள் இருந்தன. செருப்பில்லாத காலடிகள், ஐந்து விரலும் பதிந்தவை. நைட்ரஜன் கேன் நிற்கும் மூலையில் தொடங்கி, சுவரில் இருந்த சிவப்புப் பெட்டிக்கு முன்னால் போய் நின்றன.

திரும்பி வந்த தடம் இல்லை.

டார்ச்சைப் பெட்டிக்கு உயர்த்தினாள். அவள் போன வருஷம் அழுத்தி ஒட்டிய டேப் அங்கேதான் இருந்தது. பிடுங்கிய வயர் திரும்ப மாட்டப்படாமல் கீழே தொங்கியது. டேப்பின் ஒரு மூலை மட்டும் உள்பக்கமாக மடிக்கப்பட்டிருந்தது.

அவள் கன்ட்ரோல் ரூமுக்கு ஓடினாள். வாசலில் காரின் வெளிச்சம் விழுந்தது. இருட்டுக்காக ஒரு உயிரைக் கொடுத்த இடத்தில் ஹெட்லைட்டை அணைக்காமல் வந்து நிற்கிற உரிமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. சந்திரசேகர் கையில் ஒரு ஃபைலோடு இறங்கினார்.

"என்னம்மா, முடிஞ்சுதா? நாளைக்குக் கொடுக்கவேண்டிய ஸ்டேட்மெண்ட் டைப் பண்ணிட்டேன். பழையதேதான். கீழ ஒரு சந்தகம் போட்டுடு" என்று பேனாவை நீட்டினார்.

அவள் திரையைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நாலு படத்தையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"பழைய படத்தோட மிச்சம் கேமராவில ஒட்டிக்கிட்டிருக்கு. சுத்தி ஒரு கோடு போட்டு வெட்டிடு. அந்த ஓட்டையில பழைய பட்டியல்ல இருக்கிற நட்சத்திரத்தை நிரப்பிடு. யாருக்குத் தெரியப்போவுது?"

"இது கங்கையாண்ணன் சார்."

"என்ன உளர்றே?"

"கழுத்துல மாலை தெரியுது பாருங்க. எண்ணிப் பாருங்க!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. ஒரு வருஷம் தாமதித்து வந்த கோபம் அது. "மாலை போட்ட ஆளைக் குடிகாரன்னு எழுதினீங்க. நானும் எழுதினேன். வயரை எடுக்கச் சொன்னது நீங்க. எடுத்தது நான். எத்தனை பேரைத்தான் சார் வெட்டி எடுத்துட்டு ஓட்டையில எதையாவது நிரப்புவீங்க?"

"சத்தம் போடாதே." ஃபைலை மேஜைமேல் போட்டார். "எங்கேயோ வெளிச்சம் கசியுது. இல்லை, குளிர் கசியுது. நானே போய்ப் பாக்கறேன். நீ மறுபடி ஆறு படம் எடு. எடுத்துட்டு இதுல கையெழுத்துப் போடு. உங்க அப்பா தறியில கஷ்டப்பட்டுப் படிக்கவச்ச வேலை, ஞாபகம் வச்சுக்கோ."

பூட்ஸ் சத்தம் நடைபாதையில் போயிற்று. போகும்போதே திரும்பாமல் சொன்னார். "பெட்டி வேலை செய்யலைல்ல? பர்வாலேது. நீ இருக்கியே, பாத்துக்கோ."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அவர் சாத்தினாரா என்பது அவளுக்குத் தெரியாது.

அவள் உத்தரவு கொடுத்தாள். ஒன்று.

திரையில் கார்த்திகை. நடுவில் கறுப்பு உருவம். அதற்கு எதிரே இன்னொரு உருவம், பளீரென்று வெள்ளையாக, ஒரு கையை நீட்டிக்கொண்டு.

கேமரா பார்த்துக்கொண்டிருப்பது வானத்தை. அறையை அல்ல.

இரண்டு. வெள்ளை உருவம் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தது. கறுப்பு உருவம் ஒரு அடி நெருங்கியிருந்தது.

நடைபாதையின் கோடியிலிருந்து 'உஸ்ஸ்' என்ற சத்தம் வந்தது. நைட்ரஜன் குழாய் திறந்துகொண்ட சத்தம். அந்தச் சத்தத்தைப் போன வருஷமும் கேட்டிருக்கிறாள். படம் நன்றாக வந்துகொண்டிருந்ததால் எழுந்திருக்கவில்லை.

மூன்று. வெள்ளை உருவம் கொஞ்சம் மங்கியிருந்தது.

அம்சவேணி எழுந்திருக்கவில்லை.

இதை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. பயத்தால் உட்காரவில்லை அவள். அந்த ஆள்மேல் இருந்த ஆத்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். சாகட்டும் என்று நினைத்தாள். குடித்துவிட்டு விழுந்தார் என்று எழுதிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்றுகூட நினைத்தாள். விபூதி வாசனை தலைவலி வருமளவுக்கு ஏறியிருந்தது.

நான்கு. வெள்ளை உருவம் தரையில் கிடந்தது.

கறுப்பு உருவம் அதைப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, வெறும் கறுப்பு. ஆனாலும் அது பார்த்தது திரைக்கு வெளியே, நாற்காலியில் உட்கார்ந்திருந்தவளை.

நான் பாத்துக்கறேன் என்று சொன்னவளை.

அவள் ஓடினாள். கேமரா அறைக் கதவின் கைப்பிடி கையைச் சுட்டது, அவ்வளவு குளிர். இழுத்தாள், வரவில்லை. தோளால் மோதினாள். உள்ளே அலாரம் அலறிக்கொண்டிருந்தது. வயர் இல்லாத, ஒரு வருஷமாகச் செத்துக் கிடந்த பெட்டி காது கிழிய அலறியது.

"கங்கையாண்ணா!" கதவில் இரண்டு கையாலும் அடித்தாள். "நாளைக்குச் சொல்றேண்ணா! வயரை நான் எடுத்தேன்னு சொல்றேன். நீங்க கேட்டீங்க, நான் போகச் சொன்னேன்னு சொல்றேன். செங்கம்மா அக்கா முன்னாடி வச்சே சொல்றேன். கதவை வுடுண்ணா!"

அலாரம் நின்றது.

கதவு உள்பக்கமிருந்து மெல்லத் திறந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே போய், சந்திரசேகரின் சட்டைக் காலரைப் பிடித்து வாசல் வரைக்கும் இழுத்து வந்து போட்டாள். கால் மணி நேரம் கழித்து அவர் இருமிக்கொண்டு கண் விழித்தார். முதல் வார்த்தையாக, "கதவை ஏன் சாத்தினே?" என்றார்.

அவருடைய பூட்ஸ் காலில் இல்லை. அறைக்குள் பெட்டிக்குக் கீழே, ஜோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. மாலை போட்டவர் நிற்கும் இடத்தில் செருப்போடு நிற்கக்கூடாது என்று யாரோ அவருக்குக் கற்றுக்கொடுத்ததுபோல.

ஒன்பது மணிக்கு அவள் மறுபடி ஆறு படம் எடுத்தாள். கிருத்திகைக் கட்டம் சுத்தமாக வந்தது.

மறுநாள் விசாரணையில் அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். டேப்பையும் வயரையும் மேஜைமேல் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். சந்திரசேகர் எழுந்து, "இந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்லைங்க. அலாரம் வேலை செஞ்சுது" என்றார். முந்தின இரவு அவளால் பிழைத்த வாய் அது. அவர் பேசப்பேச அவர் வாயிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்த, எல்லோரும் வியர்த்துக்கொண்டிருந்த அந்தப் பகலில், அதிகாலைப் பனியில் பேசுபவர்போல அவருக்கு மட்டும் ஆவி வந்தது. அதிகாரி பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார்.

குடித்திருந்தார் என்ற வரியை அடித்து, புதிய அறிக்கை எழுதச் சொல்லி உத்தரவு வந்தது. வெளியே செங்கம்மா அந்தக் காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டாள். அம்சவேணி ஏதாவது சொல்வாள் என்று நின்றாள். செங்கம்மாதான் சொன்னாள்.

"ஒரு வாக்கியம் சொல்றதுக்கு உனக்கு ஒரு வருஷம் ஆச்சா மா?"

சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பார்த்து நடந்தாள்.

அதற்குமேல் நடந்ததெல்லாம் எப்போதும் நடப்பதுதான். வெள்ளிக்கிழமை முழு வானத்தின் படத்தை மாலை மரியாதையோடு வெளியிட்டார்கள். வயரை எடுத்ததை ஒப்புக்கொண்டவள் என்று அம்சவேணியை சஸ்பெண்ட் செய்தார்கள். எடுக்கச் சொன்னவருக்கு வடக்கே பனிமலையில், இதைவிடப் பெரிய தொலைநோக்கியோடு, இதைவிடப் பெரிய பதவி கொடுத்து அனுப்பினார்கள். சுரேஷ்பாபுவையும் கூடவே அழைத்துப் போனார். கேட்டால் பற்றிக்கொண்டு வரும். அம்சவேணிக்கு வந்தது. இப்போதெல்லாம் அவளுக்குக் கோபம் உடனுக்குடன் வருகிறது.

சித்திரை மாதத்தில் ஒரு சாயங்காலம் அவள் நகரி வீட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து அறையில் பவர்லூம் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சுரேஷ்பாபுவின் அழைப்பு வந்தது. காற்றுச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் சின்னதாகக் கேட்டது.

"மேடம், புதுக் கேமராவுல நேத்துதான் முதல் படம் எடுத்தோம். உங்களுக்கு அனுப்பிக்கீறேன், பாருங்க. சாரு தொடச்சிகினே இரு, தொடச்சிகினே இருன்னு கத்தறாரு. ராத்திரியெல்லாம் தூங்கல. பூட்ஸ் காணோம், பூட்ஸ் காணோம்ன்றாரு."

லேப்டாப்பில் படத்தைத் திறந்தாள். கார்த்திகை இந்த மாதத்தில் சூரியனோடு மறைந்திருக்கும். இது வேறு வானம், வேறு நட்சத்திரங்கள். நடுவில் அதே கறுப்பு. கழுத்தில் அதே வளையம். அவள் எண்ணவில்லை.

"தொடைக்காதீங்க சுரேஷ்."

"அப்ப சாருகிட்ட இன்னா சொல்றது?"

"கங்கையாண்ணன் பாத்துக்குவாருன்னு சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தாள். தறி நின்றிருந்தது, கரண்ட் போயிருக்கவேண்டும். வீடு இருட்டாகிவிட்டது. தறி எண்ணெய் வாசனைக்கும் நூல் வாசனைக்கும் நடுவே ஈர விபூதியின் வாசனை வந்தது. அப்பா குளித்துவிட்டு வந்திருப்பார் என்று நினைத்தாள். அப்பா புத்தூருக்குப் போயிருப்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

லேப்டாப்பை மூடுவதற்குக் கை வைத்தாள். ஓரத்தில் எப்போதும் எரியும் சின்ன விளக்கு தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள். சில்லென்று ஒரு துண்டு டேப், ஒரு மூலை உள்பக்கமாக மடிந்திருந்தது.

அவள் வீட்டில் கறுப்பு டேப் கிடையாது.